கன்னிப் பேச்சு
அமைச்சராக இருந்து இறந்துபோன அம்மாவின் அறையில், ஆவணக் காப்பக அதிகாரி தாள்களைக் காப்பகத்துக்கு அரசியல், மகளுக்குச் சொந்தம் என இரண்டு பெட்டிகளில் பிரித்து அடுக்குகிறார். அரசியல் பெட்டி மூட முடியாமல் பிதுங்குகிறது. சொந்தப் பெட்டியில் அடி தெரிகிறது. மேசையில் அம்மாவின் மூக்குக்கண்ணாடி மாலை வெயிலில் மின்னுகிறது. அதிகாரி பழுப்பேறிய ஒரு தாளை மகளிடம் நீட்டுகிறார். ஒரு பக்கம், சிறுமியாக இருந்தபோது அவள் வரைந்த வீடு. வாசலில் கைகோத்தபடி அம்மாவும் அவளும். மறுபக்கம் அம்மாவின் அவசரக் கையெழுத்து. "நாடாளுமன்றத்துல அவங்க பேசின கன்னிப் பேச்சோட குறிப்பு மேடம். ஆனா படம் உங்களோடது. எதுல வைக்கட்டும்?" ஆசையாக ஓடிவந்து நீட்டிய படத்தை அம்மா அப்படியே திருப்பி, "நல்லவேளை, பின்னாடி காலியா இருக்கு" என்றது அவள் காதில் கேட்கிறது. மெழுகு வண்ணம் விரலில் ஒட்டுகிறது. "உங்க பெட்டியிலயே வைங்க சார். அம்மா அந்தப் பக்கத்ததான் பாத்தாங்க." அதிகாரி எழுத்து மேலே தெரியும்படி தாளை வைக்கிறார்.