நெஞ்சோடு ஒரு சிமிழ்

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகிற படகில் காலை வெயில் பால்போலப் பரவிக் கிடக்கிறது. சந்தையில் மீன் வெட்டுகிற றெஜினா வலக்கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருக்கிறாள். கைக்குள் ஒரு சிறு சிமிழ், அதற்குள் நோயாளிக்கான நற்கருணை அப்பம். இன்றுதான் முதன்முறையாக ஃபாதர் அந்தச் சிமிழை அவள் கழுத்தில் மாட்டி அனுப்பியிருக்கிறார். தேசிக்காய் தேய்த்து மூன்று தரம் கழுவியும் விரல்களில் மீன்வாசம் போகவில்லை. “என்னக்கா, இண்டைக்கு வாயே திறக்கிறியள் இல்லை?” என்று படகோட்டி சிரிக்கிறான். நற்கருணையோடு போகிறவர்கள் வழியில் பேசுவதில்லை; அவள் தலையை மட்டும் ஆட்டுகிறாள். “சும்மா விடும் தம்பி, அவ கடவுளைக் கொண்டுபோறா” என்கிறார் அம்மன் கோயிலுக்குப் பூத்தட்டோடு போகிற கமலாதேவி ரீச்சர். சொல்லிவிட்டு, தெறிக்கும் உப்புத்தண்ணீர் சிமிழில் படாதபடி தன் சேலைத் தலைப்பை விரித்துப் பிடிக்கிறார். எஞ்சின் தாலாட்டுகிறது. கடலும் வானமும் ஒரே நீலமாகி, அம்மன் கோயில் கோபுரம் தண்ணீரிலிருந்தே முளைத்து வருகிறது. அந்தத் தீவில் படுக்கையில் கிடப்பவள் றெஜினாவின் தங்கச்சி. தாயின் செத்தவீட்டில் மூண்ட சண்டைக்குப் பிறகு பதினொரு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. இன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்து, அப்பத்தை நீட்டி, “கிறிஸ்துவின் திருவுடல்” என்று றெஜினாதான் முதலில் வாய் திறக்க வேண்டும்.