ரோமாபுரி வாள்சண்டை

தியாகதுருகத்தில் மழை விட்ட சாயங்காலம். கரும்பு டிராக்டர் கவிழ்ந்து வலது கை விரல்களை இழந்த கவியரசன், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்தபடி, பள்ளிக்கூட நாட்களில் ஆடிய ரோமாபுரி வாள்சண்டை விளையாட்டைப் பழைய கம்ப்யூட்டரில் திறந்திருக்கிறான். இடது கை கீபோர்டை அழுத்த, திரையில் வீரன் நடக்கிறான். வாளை வீச மௌஸை அழுத்த வேண்டும். அதற்குத்தான் கை இல்லை. எதிரிகள் சூழ்ந்துகொள்ள, வீரன் மறுபடியும் மணலில் சாய்கிறான். ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்த அக்கா சுபஸ்ரீ, தோள்பையைக்கூட இறக்காமல் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். சின்ன வயதில் அவளை இதைத் தொடவே விட்டதில்லை அவன். ஸ்டூலை இழுத்து அவனுக்கு வலப்பக்கம் போட்டு உட்காருகிறாள். "நீ நடத்திக்கினு போ. வெட்றத நான் பாத்துக்கறேன்." "உனுக்கு இன்னாக்கா தெரியும் இதுல?" "அமுக்கிக்கினே இருந்தா போதும் இல்ல?" வாள் சுழல்கிறது. ஒவ்வொருவராக விழுகிறார்கள். எல்லாரும் விழுந்த பிறகும் வீரன் வெறும் காற்றை வெட்டிக்கொண்டே இருப்பதைக் கண்டு கவியரசன் திரும்புகிறான். அக்காவின் தலை சுவரில் சாய்ந்திருக்கிறது, கண்கள் மூடியிருக்கின்றன, விரல் மட்டும் அமுக்கிக்கொண்டிருக்கிறது. அவளை எழுப்பாமல், வீரனை அடுத்த கூட்டத்தை நோக்கி மெல்ல நடத்திக்கொண்டு போகிறான்.