கடைக்கு வந்த மெயில்

"கோபர்கைரனேயில தோல் வந்திருக்காம், பாத்துட்டு வாரேன்" என்று டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார் என் கணவர் ஜமால். திரும்பும் வழியில் ரயிலிலேயே மாரடைப்பு.

நான் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடித்ததும், மகன் இஜாஸ் விரும்பியும் என்னிடம் சொல்லப் பயந்த பெண்ணைக் கேட்டு நானே அதே கோபர்கைரனேக்குப் போனேன்.

சஃபீனாவின் உம்மா விழித்தார். "அண்ணன் அன்னைக்கே வந்து பேசி முடிச்சிட்டாங்களே மைனி. 'அவளுக்கு ஒண்ணும் தெரியாது, பக்குவமா நான் சொல்லிக்கிடுதேன்'ன்னாங்க."

"எனக்கா தெரியாது?"

ஆர்டர் எதுவும் தவறக் கூடாதென்று, தாராவியில் எங்கள் பேக் கடை முகவரிக்கு வரும் ஒவ்வொரு மெயிலும் எங்கள் மூவர் பெட்டியிலும் நகலாக விழும்படி செய்து வைத்தவரே அவர்தான். சஃபீனா இஜாஸுக்கு எழுதியதெல்லாம் அந்த முகவரிக்குத்தான். நகல் எங்கள் இருவருக்கும் வருவது அவனுக்கு மட்டும் தெரியாது.

நிக்காஹ்வுக்குத் தேதி வைத்தாயிற்று. அவர் பெட்டிக்கும் நகல் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது.