உட்காருங்க!

வேலையில் அடிபட்டவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தர ஓர் உதவித்தொகை உண்டு. படித்தவர்களே படிக்காதவர்களாக நடித்து அதை வாங்கிவிடுகிறார்கள் என்று அதிகாரிக்குச் சந்தேகம். அவர்களைப் பிடிக்க அவர், பியூன் அன்று புதிதாகப் பெயிண்ட் அடித்த நாற்காலியைத் தன் மேஜைக்கு எதிரே போட்டு, 'பெயிண்ட் ஈரம், உட்காராதீர்கள்' என்று அதில் எழுதி ஒட்டினார்.

முதலில் வந்தவர் மூட்டை தூக்கும் தொழிலாளி.

"உட்காருங்க."

"பரவால்ல சார்."

"அட, சும்மா உட்காருங்க!"

"வேணாம் சார், நின்னுக்கறேன்."

அதிகாரி துள்ளி எழுந்து மேஜையைச் சுற்றி வந்தார். "மாட்டிக்கிட்டீங்களா! படிக்கத் தெரியாதவர் ஏன் உட்கார மாட்டேங்கறீங்க? பணம் கிடையாது, கிளம்புங்க!"

"படிக்கறதுக்கும் உட்கார்றதுக்கும் என்ன சார் சம்பந்தம்? மூட்டை சரிஞ்சு முதுகெலும்பு போச்சு. ஒரு மாசத்துக்கு உட்காரவே கூடாதுன்னுட்டார் டாக்டர். இனிமே மூட்டை தூக்க முடியாது, நாலெழுத்து கத்துக்கிட்டா வேற வேலை கிடைக்குமேன்னு வந்தேன். டாக்டர் சீட்டு உங்க மேஜை மேலதான் இருக்கு. அதுல எல்லாம் எழுதியிருக்காமே?"

அதிகாரிக்கு முகம் செத்துவிட்டது. "அடக் கடவுளே!" என்று எதிரிலிருந்த நாற்காலியில் தொப்பென்று சாய்ந்தார்.

"சார்..." தொழிலாளி தயங்கினார். "நீங்க சாஞ்சிருக்கிற இடத்துல ஏதோ எழுதி ஒட்டியிருந்துச்சே, என்ன சார் அது?"