பார்க்கப் பார்க்க வளரும் பேனர்

தேர்தலில் ஜெயித்த மறுவாரமே கட்சி இரண்டு கோஷ்டியானது. வெற்றி விழா பேனரில் அமைச்சர் படம் பெரிதா, மாவட்டச் செயலாளர் படம் பெரிதா என்று சண்டை. எது சிறுத்தாலும் நொறுங்கப்போவது தன் கடைதான் என்று பேனர் கடை செங்கமலத்துக்குத் தெரியும். அதனால் புதுரக டிஜிட்டல் திரை ஒன்றைக் கட்டினாள்.

"கூட்டம் யாரைப் பார்க்குதோ, அவங்க படம் தானா வளரும்ணே. எம்மேல பழி வராது," என்று இருவருக்கும் பொறுமையாக விளக்கினாள். தத்தம் ஆட்களை நம்பி இருவரும் தலையாட்டினார்கள்.

திரையைப் போட்டதும் தொண்டர்கள் முண்டியடித்தார்கள். அடிவரிசையில் தபால்தலை அளவில் இருந்த தன் படத்தைத்தான் ஒவ்வொருவரும் தேடினார்.

"மாப்ள, எப்படி வளர்றேன் பாருடா!"

அடிவரிசை பெருத்து மேலேற, தலைவர்கள் இருவரும் மூலையில் புள்ளியாகச் சுருங்கினார்கள்.

ஜெயித்த பிறகு முதல்முறையாக அமைச்சர் செயலாளரிடம் பேசினார். "என்னண்ணே, இப்படியே விட்டா..."

"அதான் தம்பி. இந்தாம்மா, இதைக் கழட்டிட்டுப் பழைய ஃப்ளெக்ஸையே கட்டு. ரெண்டு பேரும் ஒரே அளவு."

கடை தப்பிய சந்தோஷத்தில் செங்கமலம் வாய்தவறிக் கேட்டுவிட்டாள்:

"சரிண்ணே, யார் படம் முதல்ல?"