அண்ணன்களைத் தின்னும் தங்கச்சிகள்

“இன்னைக்கு என் போஞ்சிக் கொடியில இருபது அண்ணன்மாரத் தங்கச்சிங்களே கடிச்சுத் தின்னப் போறாளுங்க, கசாப்புக்கடை தோத்துரும்!” என்று தேயிலைத் தோட்டத்து லயம் முழுக்கக் கேட்க முழங்குகிறாள் ஜெபமலர். முதுகில் மருந்து டாங்கியோடு நிற்கும் அவளுடைய அண்ணன் றொபின்சன் பீன்ஸ் இலையைப் புரட்டுகிறார். பொறிவண்டு இட்ட முட்டைகளில் பாதி பொரியும் தறுவாயில் கறுத்திருக்க, பாதி மஞ்சளாகவே கிடக்கின்றன. “பாதி கூமுட்டை. இந்த வண்டு தின்னுரும்னு நம்பினா அசுவினிப் பூச்சி கொடியையே உறிஞ்சிரும். தள்ளு புள்ள, மருந்தடிக்கிறேன்.” அடித்தால் வண்டு வம்சமே போய்விடும். ஜெபமலர் கொடிக்குக் குறுக்கே நிற்கிறாள். “கூமுட்டை இல்லண்ணே. தாய் வண்டு வயித்துல ஒரு கிருமி குடியிருக்கு. அதோட ஜீன் ஒண்ணு ஆம்பளக் குஞ்சை மட்டும் முட்டைக்குள்ளயே கொன்னுருமாம். என் மக றொஷேல் கேம்பஸ்ல படிச்சுட்டு வந்து சொன்னது.” “பொம்பளைய மட்டும் விட்டுருமாக்கும்?” “அவ முட்டை வழியாத்தானே அது அடுத்த தலைமுறைக்குப் போகணும்!” றொபின்சன் விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

பனி விலகி வெயில் இலையில் விழுகிறது. கறுத்த முட்டையொன்று விரிகிறது. கடுகளவு கறுப்புப் புழு வெளியேறி, கால் காயுமுன்னே பக்கத்து மஞ்சள் முட்டைமேல் ஏறித் தாடையை இறக்குகிறது. முட்டை குழிந்து மஞ்சள் நீர் வழிகிறது. அந்தக் கடி பசறை பஸ் ஸ்டாண்டுக்கே கேட்டிருக்கும் என்று ஜெபமலர் பூரிக்கிறாள். இன்னொரு தங்கச்சி, இன்னொரு அண்ணன். கிழிந்த தோல்கள் மட்டும் ஒட்டியிருக்கின்றன. முதலில் தின்று தெம்பானவள் நகர்ந்துபோய், ஓர் அசுவினியைக் காலைக் கவ்வி இழுத்துக் குடலை உறிஞ்சுகிறாள். றொபின்சன் டாங்கியைக் கழற்றித் தரையில் வைக்கிறார்.

“ஆமா புள்ள, தின்னுபுட்டாளுங்க. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்.”