குறுக்கே நின்ற பஸ்

வரிசையில் ஐந்தாவதாக நின்ற பஸ், மற்ற வண்டிகளை உரசாத குறையாகத் தாண்டி வந்து, தடுப்புக் கட்டையை ஒட்டி நின்றது. ஓடிக்கொண்டே நர்சீசா அதைப் பார்த்தாள்.

இன்னும் கால் மணி நேரம் பொறுக்க மாட்டானா இந்த ஆள்?

க்ருசீத்தா ஊரின் கடற்கரைச் சாலையைப் போட்டிக்காக அன்று காலை பதினொரு மணி வரைதான் மூடியிருந்தார்கள். முதலில் கடலில் நீச்சல், பிறகு சைக்கிள், கடைசியில் ஓட்டம். மூன்றையும் முடித்தவர்கள் எல்லாம் மீன் சூப் குடிக்கப் போய்விட்டார்கள். ரோட்டில் மிச்சமிருந்தது நர்சீசா மட்டும்தான்.

வயது ஐம்பத்தொன்று. கடற்கரையில் மீன் வெட்டுகிற வேலை. அந்த ஊர்ப் பெண்கள் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கிப் பழக்கமில்லை. நர்சீசா நாற்பத்தொன்பதில் நீச்சல் கற்றபோது, கூட வேலை செய்தவர்கள், "மீனை வெட்டி வெட்டி நீயும் மீனாயிட்டியா?" என்று கேட்டார்கள். எந்த ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும்படி புருஷன் கேட்டுக்கொண்டார்.

தம்பிகளுக்காக அவள் பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. பிள்ளைகளுக்காகத் தையல் வகுப்பு பாதியில் நின்றது. ஒன்றே ஒன்றையாவது கடைசி வரை முடித்துப் பார்த்துவிட வேண்டும் அவளுக்கு.

முடித்திருப்பாள். உடை மாற்றும் இடத்தில்தான் கோட்டை விட்டாள். கடலிலிருந்து ஏறியவள், துண்டைக் கட்டிக்கொண்டு கால் விரல் இடுக்கையெல்லாம் துடைத்து, தலையைச் சீவிப் பின்னி, காப்பியும் குடித்துவிட்டு நிதானமாகச் சைக்கிளை எடுத்தாள். அந்த நேரமும் கடிகாரம் ஓடும் என்பது அவளுக்குத் தெரியாது. மொத்தம் இருபது நிமிஷம்.

போட்டி நடத்துகிறவர்களில் ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் பக்கத்தில் வந்தான்.

"நர்சீசாம்மா, பதினொண்ணுக்கு ரோட்டைத் திறந்துடுவாங்க. முதல் வண்டி வந்ததுமே நாங்க முடிவுக்கோட்டு வளைவைக் கழட்டியாகணும். அப்புறம் முடிச்சாலும் கணக்குல வராது. பின்னாடி ஏறிக்கங்க, கொண்டு போய் விட்டுடறேன்."

"வளைவைக் கழட்டுறப்போ கழட்டுங்க தம்பி. நான் ஓடித்தான் வருவேன்."

அவன் போய்விட்டான். அவள் ஓட்டம் என்று சொன்னது பாதி நடைதான். சைக்கிள் மிதித்த கால் மரத்துப்போய், யாருடைய காலோ மாதிரி இருந்தது.

இன்னும் ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது பின்னால் விசில் சத்தம் கேட்டது. தடுப்பைத் தூக்கிவிட்டார்கள். திரும்பிப் பார்த்தாள். அதே பஸ்தான் முதலில் பாய்ந்து வந்தது. அவ்வளவுதான், இதுவும் பாதியில் போயிற்று என்று நினைத்தபோது அழுகை முட்டியது.

ஆனால் பஸ் அவளைத் தாண்டவில்லை. மருந்துக்கடை பக்கத்தில் திடீரென்று ஒடித்துத் திரும்பி, மூக்கு கடல் சுவரிலும் வால் கடைச் சுவரிலுமாகச் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. இஞ்சின் அணைந்தது. பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்து ஊரையே எழுப்பின.

டிரைவர் இறங்கி முன்மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டார். ஜன்னல் வழியாகக் கோழிக்கூடையோடு ஒரு பெண் எட்டிப் பார்த்துக் கத்துவது நர்சீசாவின் காதில் விழுந்தது.

"ஓட்டை வண்டியை எடுத்துட்டு வந்து எங்க உசுரை வாங்குறியே வாத்தியாரே. நீ நல்லா இருப்பியா? சந்தைக்கு நான் எப்ப போறது?"

முண்டியடித்து முன்னால் வந்தவனுக்கு நல்லா வேணும் என்று நர்சீசாவுக்குத் தோன்றியது. அந்த நினைப்பிலேயே கால் கொஞ்சம் வேகமாகப் போயிற்று.

பதினொன்று பதினாலுக்கு அவள் வளைவுக்குள் நுழைந்தாள். வண்டி எதுவும் வராததால் வளைவைக் கழற்ற வேண்டியவர்கள் ஏணியில் சாய்ந்துகொண்டு கதை பேசிக்கொண்டிருந்தார்கள். பதறி எழுந்து கை தட்டினார்கள். கழுத்தில் பதக்கம் விழுந்தது. கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்கள். நர்சீசா நடுரோட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவளுக்கு வெட்கமாகவே இல்லை.

அழுது முடித்த பிறகுதான் மனசு உறுத்தியது. ஒருத்தன் வண்டி கெட்டதில் அல்லவா தனக்கு நல்லது நடந்திருக்கிறது? வெயிலில் அந்த ஜனங்களுக்கு இந்தப் பழத்தையாவது கொடுக்கலாம் என்று, நொண்டி நொண்டிப் பஸ்ஸை நோக்கித் திரும்பி நடந்தாள்.

அங்கே போலீஸ்காரர் டிரைவரிடம் கத்திக் களைத்து, லாரிக்காரர்களைச் சமாளிக்கப் போயிருந்தார். டிரைவர் நர்சீசாவின் கழுத்தைப் பார்த்தார்.

"முடிச்சாச்சா?"

"முடிச்சுட்டேன். உங்க வண்டிக்கு என்ன ஆச்சு?"

அவர் கையைத் துடைக்கவில்லை. கையில் துடைப்பதற்குப் பொட்டு எண்ணெய்கூட இல்லை. முன்மூடியை அறைந்து சாத்திவிட்டு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். ஒரே திருகலில் வண்டி உறுமியது. பஸ் முழுக்கச் சிரித்தது.

கோழிக்கூடைக்காரி ஜன்னலிலிருந்து கை நீட்டி ஓர் ஆரஞ்சை எடுத்துக்கொண்டாள்.

"அடுத்த வருஷம் கொஞ்சம் வெரசா ஓடி வாம்மா. போலீஸ்காரன் நம்பணுமேன்னு, பாவம் இந்த நல்ல மனுஷனைத் திட்டித் திட்டி எனக்குத் தொண்டையே கட்டிப்போச்சு."